நேராகத்தான் நடந்தார்

தலைசுற்றல் என்று வருகிறவர்களை எங்கள் அவசரப் பிரிவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு மரியாதை உண்டு. ரத்தத்தோடு வருகிறவருக்காக எல்லோரும் ஓடுவார்கள். தலைசுற்றலுக்கு ஓரக் கட்டில், ஒரு ஊசி, வாந்தி எடுக்க ஒரு தட்டு. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் அங்கே நர்ஸாக இருப்பவள் சொல்கிறேன்.

அந்தத் தையல்காரம்மாவும் அப்படித்தான் வந்தார், ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, தனியாக. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டும் இரும்பு உறையைக்கூடக் கழற்றவில்லை. அதன் மேலெல்லாம் புள்ளி புள்ளியாகக் குழிகள். பக்கத்தில் போனால் தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

"எல்லாம் இடது பக்கமா இழுக்குது சார். நிக்கவே முடியல," என்றார்.

டூட்டி டாக்டர் கெட்டிக்காரர். காதுக்குள் இருக்கும் பொடிக் கற்கள் இடம் மாறினால் தலை சுற்றும், தலையை ஒரு முறையாகத் திருப்பிப் படுக்க வைத்தால் அடங்கிவிடும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். திருப்பினார். அந்தம்மா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். ஊசி போட்டோம். அரை மணி நேரம் கண்ணயர்ந்தார்.

ஆனால் சிலருக்குத் தலைசுற்றல் காதிலிருந்து வருவதில்லை. மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து வருகிறது. அதைக் கண்டுபிடிக்க முதலில் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், எழுந்து நடக்கச் சொன்னாலே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பும் படிவத்தில் 'நேராக நடந்தார்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே நடக்க வைத்துப் பார்த்துவிட்டு அதில் டிக் அடித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கையெழுத்துப் போடும்போதே அதுவும் விழுந்துவிடும். டாக்டரும் அப்படித்தான் அடித்தார்.

நான் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரும்பு உறை தோலில் அழுந்தியது.

"ஒரு தடவை நடக்க வச்சுப் பாருங்க சிஸ்டர். யாராவது பிடிச்சுக்கிட்டா நடந்துடுவேன்."

டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிடிச்சுக்கிட்டா கல்லுகூட நடக்கும்மா. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

நான் சிரித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, வாய்விட்டே சிரித்தேன்.

வாசலில் அவரை வீல்சேரிலிருந்து எழுப்பி நிற்க வைத்துவிட்டு என் கையை எடுத்தேன். இடது பக்கமாக அப்படியே சாய்ந்து விழுந்தார். திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு வந்தோம், ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் செய்தோம். மாலைக்குள் முடிந்துவிட்டது.

விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். படிவத்தில் டிக் இருக்கிறதே, அவர் நடந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் வேலையும் என் வேலையும் என் நாக்கு நுனியில் இருந்தன.

"ஆமா சார். நேராத்தான் நடந்தாங்க," என்றேன்.

அதன்பிறகு டாக்டர் மாறிவிட்டார். ஓரக் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் தரையில் மஞ்சள் டேப்பால் அவரே மண்டியிட்டுக் கோடு ஒட்டினார். தலைசுற்றல் என்று வந்தால் யாராக இருந்தாலும் அதில் நடக்க வேண்டும். தடுமாறினால் ஸ்கேன், நேராக நடந்தால் வீடு. ஸ்கேன் அறையில் எப்போதும் கூட்டம் நெரிவதால் அங்கேயும் இதை எழுதி ஒட்டிவிட்டார்கள். விதிவிலக்கே கிடையாது என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். மனசாட்சி உறுத்தியிருக்கும், பாவம். முதல் இரண்டு மாதத்தில் அந்தக் கோடு மூன்று பேரைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். கட்டிலில் உட்கார வைத்தால்கூட இடது பக்கம் சரிந்தார். இவர் ஸ்கேனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே கோட்டில் நிறுத்தினேன். நூல் பிடித்த மாதிரி கதவு வரை நடந்தார். எனக்கே ஆச்சரியம்.

"தேங்க்ஸ் சிஸ்டர். அந்தம்மா பிடிச்சுக்கலைன்னா விழுந்திருப்பேன்," என்றார்.

"எந்தம்மா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு முழங்கையைத் தடவிக்கொண்டார். அங்கே வட்டமாக ஒரு தடம். வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாகக் குழிகள்.

மறுநாள் அவரைப் பிணமாகக் கொண்டு வந்தார்கள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது? நடக்கவே நடக்காத ஒருத்தியை நடந்தாள் என்று சொன்னேனே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கோட்டில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. ஸ்கேன் கூட்டம் குறைந்துவிட்டது என்று வார்டு மீட்டிங்கில் எங்களைப் பாராட்டினார்கள்.

அடுத்த மாதம் டாக்டரின் மனைவி வந்தார். வெளியே நல்ல வெயில். தங்கமான பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காலையில எந்திரிச்சதுலேர்ந்து வீடே சுத்துதுக்கா. இடது பக்கமாத் தள்ளுது," என்றார்.

டாக்டரின் முகம் வெளுத்துப் போனது. ஆனால் குரலைத் திடமாக வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. இந்தக் கோட்டுல நடந்து காட்டு. கொஞ்சம் ஆடினாலும் உடனே ஸ்கேன் எடுத்துடலாம்."

அந்தப் பெண் கோட்டில் நின்றார்.

மருந்து வாசனை மறைந்தது.

மெஷின் எண்ணெய் வாசனை வந்தது.

அவருடைய வலது முழங்கை, யாரோ தாங்கிப் பிடித்த மாதிரி, உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி உயர்ந்தது. சட்டைக் கையில் ஐந்து விரல் அழுந்திய பள்ளம் தெரிந்தது. விரல் தெரியவில்லை. அந்தப் பெண் நடந்தார். ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. கதவருகே திரும்பி, பரீட்சையில் பாஸான குழந்தை மாதிரி சிரித்தார்.

டாக்டர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். பேனாவை எடுத்தார். அப்போதும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், நீங்களும் பார்த்தீங்கல்ல?"

இல்லை சார், உடனே ஸ்கேன் எடுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு.

"அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்க சிஸ்டர்."

அவள் என் வாயை அடைக்கவில்லை. கழுத்தை நெரிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பயம், அவ்வளவுதான். விசாரணை மேஜை கண்முன் வந்தது, அந்த மூன்று முகங்களும் வந்தன.

"ஆமா சார். நேராத்தான் நடந்தாங்க."

டாக்டர் டிக் அடித்தார். மனைவியை அணைத்த மாதிரி வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். வாசல்படியைத் தாண்டியதும் அந்தப் பெண்ணின் வலது முழங்கை சட்டென்று கீழே தொங்கியது. கணவன் கையிலிருந்தும் நழுவி, இடது பக்கமாக விழுந்தார். இரண்டு நாள் மூச்சு ஓடியது. கண் திறக்கவில்லை.

டாக்டர் இப்போது எங்கேயும் வேலை பார்க்கவில்லை. வீட்டுக் கூடத்தில் மஞ்சள் டேப் ஒட்டி, காலையிலிருந்து மாலை வரை அதில் நடக்கிறாராம். தடுமாறவே மாட்டேன் என்கிறேனே என்று அழுகிறாராம்.

கோட்டை மட்டும் யாரும் பிய்த்துப் போடவில்லை. நல்ல பலன் தருகிறது என்று மற்ற வார்டுகளிலும் ஒட்டப்போகிறார்கள்.

இன்று காலை பத்தரை மணிக்கு, போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது தரை இடது பக்கமாகச் சரிந்தது.

எதற்கு வந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? புது டாக்டரிடம் ஓட முடியாமல் தவழ்ந்து போனேன். ஸ்கேன் எடுங்க என்றேன். அவள் நல்ல பெண். பதறிப்போய் என்னைத் தூக்கிக் கோட்டில் நிறுத்தினாள்.

விழுந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். விழுந்தால் பிழைப்பேன். காலைத் தப்பாக வைத்தேன், அது கோட்டில் விழுந்தது. உடம்பை இடது பக்கம் எறிந்தேன், நேராக நின்றது. முழங்கையில் ஐந்து விரல்கள், ஒன்று மட்டும் இரும்பு. கதவு வரைக்கும் ராணுவக்காரி மாதிரி நடந்தேன்.

"என்னை யாரோ பிடிச்சிருக்காங்க டாக்டர். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அந்தத் தையல்காரம்மா நடக்கவே இல்ல," என்று கத்தினேன்.

"ரொம்ப டயர்டா இருக்கீங்க சிஸ்டர். நேராத்தானே நடந்தீங்க? ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க," என்றாள். டிக் அடித்தாள். ஸ்கேன் அறைக்கும் போனேன். அங்கே இருப்பவர் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்.

இப்போது வாசலுக்கு உள்பக்க பெஞ்சில் உட்கார்ந்து இதை இடது கையால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தையல்காரம்மா என் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். பிடித்திருக்கிறவரை எனக்குத் தலை சுற்றுவதில்லை. என் வீட்டுக்காரர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, வா வா என்று கையை ஆட்டுகிறார். நான் வாசல்படியைத் தாண்டுவதாக இல்லை. இந்த பெஞ்சிலேயே கிடந்து சாகிறவரை உட்கார்ந்திருப்பேன்.

விட்டுடாதீங்கம்மா என்று கெஞ்சுகிறேன். தப்புத்தான், சிரிச்சது தப்புத்தான் என்கிறேன். பதிலுக்குக் காதருகே அவளும் சிரிக்கிறாள்.

"பிடிச்சுக்கிட்டா கல்லுகூட நடக்கும்ல சிஸ்டர்?"

சுண்டு விரல் விலகியது.

மோதிர விரலும்.

என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி வருகிறார். அவர் முகம் இடது பக்கமாகச் சரிந்துகொண்டே வருகிறது. என் முழங்கையில் இப்போது அந்த இரும்பு உறை மட்டும்தான் இருக்கிறது.