நாலு போல்ட்... ஒரு டிக்!

"ஆ...!"

ஒரே ஒரு அலறல்.

தொடர்ந்து பிளைவுட் முறியும் சத்தம்... இரும்புக் குழாய்கள் தரையில் மோதும் சத்தம்... பிறகு எதுவுமே இல்லை!

திருச்சியின் அந்தக் கல்லூரி ஆடிட்டோரியத்தில் அப்போது வெள்ளிக்கிழமை காலை பதினொன்று ஐந்து. நாடகத்துறை இறுதியாண்டு மாணவர்களின் கடைசி ஒத்திகை. மறுநாள் மாலை ஷோ.

பத்தடி உயர உப்பரிகை செட் முன்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் மகாராணியாக நின்று வசனம் பேசிக்கொண்டிருந்த ஜெஸிமா, கீழே... ஜரிகைப் புடவையில்... காதோரம் ரத்தத்தோடு...

"லைட்டைப் போடுங்கடா! ஆம்புலன்ஸுக்கு அடிங்க!"

கத்தியபடி ஓடிவந்தார் விக்டர். துறைத் தலைவர். இந்த நாடகத்தை எழுதி இயக்குபவர்.

எல்லோரும் மேடைக்குப் பாய்ந்தார்கள்.

ஒருத்தி மட்டும் நகரவில்லை.

ஷெர்லின்.

கைலாசபுரத்துப் பெண். நாடகத்தின் ஸ்டேஜ் மேனேஜர். அவள் கையில் ஓர் அட்டை. அட்டையில் செக் லிஸ்ட். ஏழாவது வரி... 'உப்பரிகை முன்கால் போல்ட் நான்கும் இறுக்கமாக உள்ளன.' எதிரே ஒரு டிக். நேரம் 9.40. கீழே அவள் கையெழுத்து.

பிரச்னை ஒன்றே ஒன்றுதான்.

அவள் பார்க்கவே இல்லை!

மகாராணி வேஷத்துக்கு அவளும்தான் போட்டி போட்டாள். இரண்டு மாதம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். வேஷம் ஜெஸிமாவுக்குப் போனது. இவளுக்கு அட்டையும் பேனாவும் வந்தன. காலையில் உப்பரிகை அருகே வந்தவளுக்குக் குனிய மனம் வரவில்லை.

'நிக்கப்போறது அவதானே... அவளே பாத்துக்கட்டும்!'

டிக் அடித்துவிட்டு மேக்கப் ரூமுக்குப் போய்விட்டாள்.

*

இன்ஸ்பெக்டர் கலையரசன் மண்டியிட்டு, கவிழ்ந்த குழாய்களுக்கு டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"போல்ட் உடையலை. நாலையும் ஸ்பானர் போட்டுக் கழட்டி எடுத்திருக்காங்க. இது ஆக்ஸிடென்ட் இல்லை!"

விக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார் சொல்றீங்க?"

"யாரோ அந்தப் பொண்ணு விழணும்னு நினைச்சிருக்காங்க. கடைசியா இதை செக் பண்ணினது யாரு?"

"நா... நான் சார்." ஷெர்லின் அட்டையை நீட்டினாள்.

"ஒன்பது நாப்பது... அப்ப போல்ட் இருந்துச்சாம்மா?"

உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. சுற்றிலும் பதினேழு ஜோடிக் கண்கள். வேஷம் கிடைக்காத கோபம் அவளுக்கு இருந்தது அத்தனை பேருக்கும் தெரியும். இப்போது 'பார்க்கவில்லை' என்றால்...?

"இருந்துச்சு சார்."

இரண்டே வார்த்தை!

"அப்ப ஒன்பது நாப்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுலதான் கழட்டியிருக்கணும். அந்த நேரத்துல உள்ள யாரு இருந்தது?"

வாட்ச்மேன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "புள்ளைங்க எல்லாம் மேக்கப் ரூம்ல இருந்தாங்க சார். உள்ள நஸ்ருல்லா பாய் மட்டும்தான். செட் போடுற கார்பென்டர்..."

"அந்த ஆளுக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஏதாவது தகராறு?"

"படிக்கட்டு ஆடுதுன்னு முந்தாநாள் அந்தப் பாப்பா சத்தம் போட்டுச்சு சார்..."

அரை மணி நேரத்தில் நஸ்ருல்லாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அவருடைய டூல்ஸ் பையும் ஏறியது. உள்ளே ஸ்பானர் இருந்தது. கார்பென்டர் பையில் வேறு என்ன இருக்கும்?

"யா அல்லா... சிம்மாசனத்துக்குக் கால் ஒட்டிக்கிட்டிருந்தேன் சார்! என் கையால முடுக்கினதை நானே எதுக்குக் கழட்டப் போறேன்?"

ஜீப் நகரும்போது அவர் ஷெர்லினைப் பார்த்தார். 'நீயாவது சொல்லேன்மா' என்பது போல ஒரு பார்வை.

அவள் அட்டையைப் பார்த்தாள்.

*

சனிக்கிழமை காலை. ஆஸ்பத்திரி வராந்தா.

ஐ.சி.யூ. கதவுக்கு அந்தப் பக்கம் ஜெஸிமா. இன்னும் கண் திறக்கவில்லை. இந்தப் பக்கம் ஷெர்லின். இரவு முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லை.

"நீங்கதானே ஷெர்லின்?"

திரும்பினாள். கறுப்பு புர்கா. அழுது வீங்கிய முகம்.

"நான் ஆரிஃபா. நஸ்ருல்லா வீட்டுக்காரி."

ஷெர்லின் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். திட்டப் போகிறாள்... அறையப் போகிறாள்... அறையட்டும்!

ஆரிஃபா அறையவில்லை. ஷெர்லினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாத்தப்போ போல்ட் எல்லாம் இறுக்கமா இருந்துச்சுன்னு சொன்னீங்களாம். இன்ஸ்பெக்டர் சொன்னாரு. அப்ப எங்க வீட்டுக்காரரு ஒழுங்கா முடுக்கியிருக்காருன்னுதானே அர்த்தம்? அந்த ஒண்ணை கோர்ட்ல வந்து சொல்லுங்க தங்கச்சி. நீங்க படிச்ச புள்ள. நீங்க சொன்னா நம்புவாங்க. நல்லா இருப்பீங்க!"

"அக்கா..."

"முப்பது வருஷமா ஸ்கூல் நாடகம், சர்ச் நாடகம்னு மேடை போடுறாரு. ஒரு புள்ளைக்குக் கீறல் பட்டதில்லை."

ஷெர்லின் அந்தக் கைகளிலிருந்து தன் கைகளை உருவிக்கொண்டாள். நடந்தாள். நடை ஓட்டமானது.

*

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ். காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். அம்மா மண்டபம் ரோட்டில் விக்டரின் ஃபிளாட்.

அவர் கதவைத் திறந்ததுமே ஷெர்லின் உடைந்து அழுதாள்.

"சார்... நான் செக் பண்ணலை சார்! பாக்காமலே டிக் அடிச்சிட்டேன். போல்ட் இருந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியாது. பாய் பாவம் சார்... நான் ஸ்டேஷனுக்குப் போய் சொல்லிடறேன்!"

விக்டர் பதறவில்லை. உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை சார். உங்ககிட்டதான் முதல்ல..."

"நல்லது. கேளும்மா. நீ குனிஞ்சு பாத்திருந்தா நாலு ஓட்டையும் காலியா இருந்தது தெரிஞ்சிருக்கும். பாக்கலை. முடிஞ்சு போச்சு. இப்பப் போய் சொன்னா சந்தேகம் உன் மேலதான் திரும்பும். டிகிரி போயிடும். உங்க அப்பா ரிட்டயர் ஆகப்போற நேரம்... யோசி. பாய்க்கு நல்ல வக்கீலா நானே பாத்துத் தரேன். நீ வாயைத் திறக்காதே!"

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

ரோட்டில் வெயில் கொளுத்தியது. எதிரே பஸ் வந்து நின்றது. ஏறினால் வீடு... அம்மா... சாப்பாடு... ஒரு பொய்யோடு முழு வாழ்க்கை.

ஏறினாள். ஆனால் வீட்டு ஸ்டாப் வரை போகவில்லை. ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள்.

*

கலையரசன் முழுவதும் கேட்டார். மேஜையில் ஓங்கி ஓர் அடி!

"உன் ஒரு டிக்கை நம்பி ஒரு மனுஷனை விடிய விடிய லாக்கப்ல வெச்சிருக்கேன்! தெரியுதா?"

"தெரியும் சார்."

"வேஷம் கிடைக்காத ஆத்திரம் உனக்கு. இப்ப முதல் சந்தேகம் உன் மேலதான். அதுவாவது தெரியுதா?"

"அதுவும் தெரியும் சார். என்னை என்ன வேணா பண்ணுங்க. பாயை விட்டுடுங்க..." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க டிபார்ட்மென்ட்ல எல்லாருமே அழுது காட்டுறதுல கெட்டிக்காரங்க. எந்த அழுகையை நம்புறதுன்னே எனக்கு விளங்கலை. சரி, இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"விக்டர் சார்கிட்ட மட்டும்."

"அவர் என்ன சொன்னாரு? ஒரு வார்த்தை மாறாம சொல்லு."

வசனம் மனப்பாடம் செய்வதுதான் அவள் இரண்டு வருடமாகப் படித்த படிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விக்டரின் நிதானத்தோடு, விக்டரின் ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள்.

"நல்லது. கேளும்மா. நீ குனிஞ்சு பாத்திருந்தா நாலு ஓட்டையும் காலியா இருந்தது தெரிஞ்சிருக்கும். பாக்கலை..."

"நிறுத்து!"

நிறுத்தினாள்.

"அந்த வரியைத் திரும்பச் சொல்லு."

"நீ குனிஞ்சு பாத்திருந்தா... நாலு ஓட்டையும்... காலியா..."

அவள் குரல் பாதியில் செத்தது.

கலையரசன் எழுந்துவிட்டார். "ஒன்பது நாப்பதுக்கு ஓட்டை காலியா இருந்துச்சான்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. பாய் அதுக்கு அப்புறம்தான் கழட்டினார்னு ஊரே நம்புது. விக்டருக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"ஏட்டய்யா! காலேஜ் கேமரா பதிவுல ஒன்பது நாப்பதுக்கு மேலதானே பாத்தோம்? வியாழக்கிழமை சாயங்காலத்தைப் போடுங்க!"

போட்டார்கள்.

மாலை 6.10. எல்லோரும் போன பிறகு விக்டர் சாவி போட்டு ஆடிட்டோரியத்துக்குள் போகிறார். 6.30. வெளியே வருகிறார். பேன்ட்டின் வலது பாக்கெட் எதனாலோ கனத்துத் தொங்குகிறது!

*

அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்தது. போல்ட்டுகள் அவருடைய கார் டிக்கியில் ஒரு ரெக்ஸின் பைக்குள் கிடந்தன. விக்டர் அதிக நேரம் நடிக்கவில்லை.

"நாடகத்தை எழுதினதே ஜெஸிமாதானாம்," என்றார் கலையரசன். "முதல் வருஷம் அசைன்மென்ட்டா எழுதிக் கொடுத்ததை இவர் தன் பேர்ல டெல்லி போட்டிக்கு அனுப்பியிருக்காரு. ஷோ அன்னைக்கு மேடையிலயே சொல்லிடுவேன்னு அந்தப் பொண்ணு தனியா எச்சரிச்சிருக்கு. கை கால் உடைஞ்சா போதும்னு நினைச்சாராம்."

"நான் செக் பண்ணுவேன்னு அவர் பயப்படலையா சார்?"

"கேட்டேன். நீ கண்டுபிடிச்சிருந்தா 'நல்லவேளை'ன்னு சொல்லித் திரும்ப மாட்ட வெச்சிருப்பாராம்." கொஞ்சம் தயங்கினார். "அதாவது... நீ குனிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு விழுந்தே இருக்காது."

குற்றவாளி பிடிபட்டுவிட்டான். ஆனால் அந்தக் கடைசி வரிக்கு எந்த லாக்கப்பும் இல்லை. ஷெர்லின் அதைச் சுமந்துகொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் நஸ்ருல்லா. டூல்ஸ் பை தோளில். பக்கத்தில் ஆரிஃபா, இந்த முறை ஷெர்லினின் முகத்தைப் பார்க்காமல்.

"பாய்... என்னை..."

அவர் கையமர்த்தினார்.

"குனிஞ்சு பாக்குறதுல நீ ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

*

பதினாறாம் நாள். ஜெஸிமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் தையல். இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு.

ஷெர்லின் ஒன்றுவிடாமல் சொன்னாள். டிக்கை, பொய்யை, பாயை...

ஜெஸிமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் விழணும்னு நினைச்சியாடி?"

"சத்தியமா இல்லை. அந்த இடத்துல நீ நிக்கிறதைப் பாக்கப் பிடிக்கலை. அவ்வளவுதான்..."

"அவ்வளவுதானா!" ஜெஸிமா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "ரெண்டு இடத்துல எலும்பு முறிஞ்சிருக்கு ஷெர்லி."

ஷெர்லினுக்குக் கண்ணீர் தானாக வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"உன்னை என்ன பண்ணினாங்க காலேஜ்ல?"

"ஒரு வருஷம் சஸ்பெண்ட்."

ஜெஸிமா மெல்ல மூச்சு விட்டாள்.

"உன்னை மன்னிக்கறதுக்கு எனக்கு டைம் வேணும். ஒரு வருஷமாவது. எனக்கும் அட்டெண்டன்ஸ் பத்தாதுன்னு எக்ஸாம் எழுத விட மாட்டாங்களாம். அடுத்த வருஷம் நீயும் நானும் ஒரே கிளாஸ்தான். பக்கத்துலயே உக்காந்து யோசிக்கிறேன்."

ஷெர்லின் அழுகைக்கு நடுவே தலையாட்டினாள். "விக்டர் சார் இருக்க மாட்டாரு..."

"அவருக்கென்னடி கவலை?" ஜெஸிமா மாவுக்கட்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "நம்ம ரெண்டு பேருக்கும்தான் அட்டெண்டன்ஸ் பிரச்னை. அவருக்கு இனிமே நூறு பர்சென்ட்... காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, கம்பிக்குள்ள வெச்சே எண்ணுவாங்க!"