பின்னம் மறந்த அறுபது நாள்

நிறைமதி வைத்த சோறு அன்றும் கஞ்சியாகத்தான் வந்தது. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டேகால் பங்கு தண்ணீர் என்று குக்கரின் மேலேயே ஒட்டியிருந்தது. இரண்டு புரிந்தது, அந்தக் கால்தான் பிடிபடவில்லை; எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு பங்கு ஊற்றிவிடுவாள். விடுதித் தோழிகள் இருவரும் நாற்பத்தெட்டு நாளாக முகம் சுளிக்காமல் கஞ்சி குடித்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவளோடு தங்கினால் இதெல்லாம் உண்டு என்று ஊருக்கே தெரியும்.

ஒரு கல்வித் திட்டம் பயன் தருகிறதா என்று ஆராய்கிறவர், அந்தத் திட்டம் கற்பிப்பதை முதலில் மறந்தாக வேண்டும். அதுதான் சட்டம். படிக்கத் திணறுகிறவன் எங்கே இடறுகிறான் என்பது பாடம் தெரிந்தவன் கண்ணில் படாது என்பதைப் பல்கலைக்கழகங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வந்த சட்டம். நரம்பியல் கூடத்தில் கொஞ்ச நேரம் படுத்தால் மறதிக்கட்டு போட்டுவிடுவார்கள். நிறைமதிக்குப் பின்னக் கணக்கு போயிற்று. அறுபதாம் நாள் தேர்வு. இடறிய இடத்தோடு எழுந்த வழியையும் சொன்னால்தான் ஆய்வு செல்லும். தேறினாலும் தேறாவிட்டாலும் கட்டை அவிழ்த்து அறிவைத் திருப்பித் தந்துவிடுவார்கள்; ஆனால் தேறாவிட்டால் நான்கு வருட உழைப்பு குப்பைக்குப் போய்விடும்.

அவள் ஆராய எடுத்துக்கொண்டது, கடல்நீரைக் குடிநீராக்கும் தூத்துக்குடி ஆலையின் தொழிலாளர்களுக்கான வகுப்பு. சொல்லிக்கொடுப்பது ‘போதினி’ என்ற கற்பிப்பு இயந்திரம். அதற்குக் கோபமே வராது. ஒரே பாடத்தைப் பதினான்கு விதமாகச் சொன்னது. பதினான்கும் நிறைமதியின் தலைக்கு மேலே போயின. எட்டில் ஒன்று, நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்றே அன்றும் எழுதினாள். எட்டு பெரிய எண்தானே! திரையில் சிவப்பு விழுந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து இருக்கையில் பவுலின். ஆலையில் மருந்து கலக்கும் பிரிவில் உதவியாள். பின்னம் தெரிந்தால்தான் கலக்குநர் உரிமம் கிடைக்கும் என்று நாற்பத்தைந்து வயதில் படிக்க வந்தவள்.

“எதுக்குளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“எனக்கு வராதுக்கா. எட்டு பெருசுதான? அப்புறம் எப்படி அது சின்னதாகும்?”

பவுலின் சிரித்துவிட்டாள். “நானும் போன வாரம் வரைக்கும் அப்பிடித்தாம்ளா நெனச்சிட்டு இருந்தேன். அந்த மெஷினுக்கு இது எங்க தெரியும்? அது என்னைக்காச்சும் முட்டாளா இருந்திருக்கா? இங்க பாரு. கீழ இருக்க நம்பர் துண்டு இல்ல. திங்க வந்த ஆளு.”

நிறைமதி திரையில் இருந்த எட்டை மறுபடி பார்த்தாள்.

“என் வீட்டுல ஒரு சட்டி கொழம்பு. நாலு பேரு வந்தா உனக்கு நெறையக் கிடைக்குமா, எட்டு பேரு வந்தா நெறையக் கிடைக்குமா?”

“நாலு பேரு வந்தாத்தான்…” என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். புரிந்துவிட்டது. சின்ன வயதில் இதைக் கற்றபோதும் இப்படித்தான் இருந்திருக்குமோ! பவுலினின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதற்குப் பின் இருவரும் தினமும் வகுப்பு முடிந்தும் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் தான் இடறியதைப் பவுலின் சொல்வாள். மறுநாள் நிறைமதி சரியாக அங்கேயே இடறி, அவள் சொன்னபடியே எழுந்துகொள்வாள். அறுபதாம் நாள் இருவரும் தேறினார்கள். வகுப்பில் ஜோடி சேர்ந்து படித்தவர்கள் தேறினார்கள், தனியாக உட்கார்ந்தவர்கள் தேறவில்லை என்று கண்டறிந்து ஆய்வேட்டில் எழுதினாள். போதினி கோபித்துக்கொள்ளவில்லை.

கட்டு அவிழ்க்கும் நாளில் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் தில்லைநாயகி உடன் வந்திருந்தார்.

“கண்ண மூடித் திறந்தா எல்லாம் பழையபடி வந்துடும். ஆய்வேட்டுல பாக்கி இருக்கிற கணக்கு அட்டவணையெல்லாம் ஒரே நாள்ல முடிச்சிடலாம்.”

“இப்ப கத்துக்கிட்டது மேடம்?”

“அது பழசோட கரைஞ்சு போயிடும். தெரியாம இருந்தது எப்படி இருந்துச்சுன்னே தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான்.” பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என் ஆய்வப்போ எனக்கு எழுத்த மறக்கடிச்சாங்க. கூடப் படிச்ச ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்குடுத்தார். தறிக்காரர். என்னவோ ஒண்ணு சொன்னார், உடனே புரிஞ்சுது. அது என்னன்னு எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. அவருக்கு நன்றி சொல்லணும்னு தோணும். எதுக்குன்னு சொல்றது?”

நிறைமதி படுக்கையிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“கட்டு இருக்கட்டும் மேடம்.”

“பைத்தியமா உனக்கு? இப்ப தெரிஞ்ச கணக்க மட்டும் வச்சு அட்டவணை போட ஆறு மாசம் ஆகும்!”

“ஆகட்டும் மேடம்.”

எட்டு மாதம் ஆயிற்று. இன்று அவள் பேராசிரியை. பின்னக் கணக்குப் போடும்போது ஒரு கணம் தயங்குவாள், மாணவர்கள் சிரிப்பார்கள். பவுலின் அக்கா, நீங்க நல்லா இருக்கணும் என்று மனம் சொல்லி முடிக்க அந்த ஒரு கணம் அவளுக்கு வேண்டியிருக்கிறது.