ஒன்றரை மீட்டர்

செவ்வாயில், செம்மேட்டுக் குடியிருப்பில், கணவனும் மனைவியும் பிரிய வக்கீல் தேவையில்லை. திருமணத்தன்று இருவர் தோளிலும் ஒரு தொலைவுணரியைப் பதித்துவிடுவார்கள். இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அது நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும். பிரிவு கேட்டு வந்தால் அந்தத் தூர-நேரக் கோட்டைத் தீர்ப்புப்பொறி பார்க்கும். கோடு ஏறினால் விலகுகிறார்கள், இறங்கினால் நெருங்குகிறார்கள், படுத்திருந்தால் தூரம் மாறவில்லை. அவ்வளவுதான் சட்டம்.

பொறி சொல்வதை மனுதாரருக்கு விளக்குவது பொழிலனின் வேலை. அன்று பிரிவு கேட்டு வந்திருந்த குயிலியுடையது அவருக்குப் பத்தொன்பதாவது கோடு. கண் எரிந்தது.

குயிலியும் அவள் கணவன் சேந்தனும் வீட்டிலிருந்தபடியே சுரங்க எந்திரங்களை இயக்குகிறவர்கள். ஏழு வருடமாக அவர்கள் கோடு ஒன்றரை மீட்டரில் படுத்தே கிடந்தது. இவ்வளவு நெருக்கமான தம்பதிக்குப் பிரிவு கிடையாது என்று பொறி மனுவைத் தள்ளியிருந்தது. ஒரே ஒரு குறையைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தது: மூன்றாம் வருடம் ஒருநாள், ஐம்பத்திரண்டு நிமிட விலகல்.

பொழிலன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடத்தில் கோடு செங்குத்தாக ஏறி இரண்டு கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. பத்து நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு அரைமணி நேரம் மெல்லச் சாய்ந்து இறங்கியது.

"போகும்போது ஓடியிருக்கார். வரும்போது எதையோ சுமந்துக்கிட்டு நடந்திருக்கார்," என்றார்.

குயிலி தலையசைத்தாள். அன்று அவர்கள் அறையில் காற்று கசிந்திருக்கிறது. அவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அவன் கிடங்குக்கு ஓடி, வரிசையில் நின்று, பிராணவாயு உருளையைத் தோளில் சுமந்து வந்திருக்கிறான்.

"ஏழு வருஷத்துல அவர் என்னை நினைச்சது அந்த ஐம்பத்திரண்டு நிமிஷம்தாங்க," என்றாள். மற்ற நாட்களில் என்ன செய்தீர்கள் என்று பொழிலன் கேட்டார்.

"அவர் தன் திரையைப் பார்ப்பார். நான் என் திரையைப் பார்ப்பேன்."

பொழிலன் வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தார். அவள் சொன்னதையெல்லாம் எழுதி, மறுபரிசீலனை கேட்டுப் பொறிக்கு அனுப்பினார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை. இனி அப்படி விலகிப் போகக் கூடாது என்று சேந்தனுக்கு ஓர் எச்சரிக்கையும் வந்திருந்தது.

எந்த அளவுகோலில் இதை நெருக்கம் என்கிறாய் என்று பொழிலன் கேட்டார். பொறி தான் கற்ற பாடத்தைத் திறந்து காட்டியது. இருபத்தொன்றாம் நூற்றாண்டுப் பூமி, லட்சக்கணக்கான வீடுகள். ஒவ்வொன்றிலும் சாயங்காலம் தொடங்கித் தூங்கும்வரை, அவர்கள் கைபேசிகளே குறித்துவைத்த, ஒன்றரை மீட்டரில் அசையாத கோடு. வீட்டுக்கு நான்கு பேர், நான்கு கைபேசிகள். ஒவ்வொரு கோட்டின் கீழும், அந்த வீட்டார் அன்று சமூக வலைத்தளத்தில் படம் போட்டு எழுதியது: 'குடும்பத்தோடு இனிய மாலை.'

பொறி அதை நம்பியிருந்தது.