கிளப் குளமும் கலங்கல் சொம்பும்

அடைக்கலமேரி புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கால் கொப்பளித்திருந்தது. கையில் வாய்கட்டிய பித்தளைச் சொம்பு. போலீஸ் காவலில் இருக்கும் புருஷனுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுபோன தண்ணீர் அது. காவலர் விடவில்லை. குடித்துத் தீர்க்க அவளுக்கு மனம் வராமல் அப்படியே சுமந்து வந்துவிட்டாள்.

சமஸ்தானப் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற சேக் அலாவுதீன், உதவி கேட்டு வந்த அவளை நிழலில் உட்காரச் சொன்னார். பக்கத்தில் வக்கீல் ரெங்கராஜ் நாற்காலி நுனியில் தயாராக இருந்தார். கேஸ் வராத வக்கீலுக்குப் பிறர் வீட்டு மர்மம் கிடைத்தால் அன்று தீபாவளிதான்.

"பதறாம சொல்லுங்கம்மா" என்றார் அலாவுதீன்.

அவள் சொன்னாள். ஆவூருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. தங்கிப்போக பங்களாக்கள், சின்ன வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் கோல்ப் மைதானம், அதற்கென்று ஒரு குளம். அவள் புருஷன் செல்லமுத்து அங்கே தோட்டக்காரன். மழை பொய்த்த வருஷம் என்பதால் கிளப்பை நடத்திய துரை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லியிருந்தார். செல்லமுத்து மைதானம் முழுவதையும் காயவிட்டு, குழிகளைச் சுற்றியுள்ள புல்லுக்கு மட்டும் வெயில் தாழ்ந்தபின் குடத்தால் ஊற்றி, மேலே வைக்கோல் பரப்பிக் காப்பாற்றினான். ரோஜாவைப் பிடுங்கிவிட்டு அரளி வைத்தான். ஐப்பசி மழை வரை குளம் தாங்கும் என்றிருந்தது. அந்தத் தெம்பில் துரை, பக்கத்திலிருந்த அவள் ஊர்க்காரர்களும் வீட்டுக்கொரு குடம் மொண்டுகொள்ளலாம் என்றிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தால் குளம் வெறும் சேறு. குளத்துத் தண்ணீரை வெளியே விடும் குழாயைத் திறக்கும் சாவி செல்லமுத்துவின் அரைஞாணில் தொங்கியது. வேறு சாவி கிடையாது. ஊருக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரார் கிளப் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்றும் உத்தரவாயிற்று.

"அவரு பைப்பத் தொடலைங்கய்யா. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

சத்தியம் பண்ணக் கையைத் தூக்கியதில் சொம்பு சாய்ந்து வாய்த்துணி நழுவியது. சிமெண்டுத் தரையில் கொஞ்சம் கொட்டியது. வெக்கையில் தண்ணீர் சட்டென்று காய்ந்து, அது இருந்த இடத்தில் கருநிறப் பொடி மட்டும் படிந்து நின்றது. அலாவுதீன் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கே எடுத்த தண்ணீர் என்று கேட்டார்.

"எங்கூர்ல... ஒரு ஊத்துங்க" என்றாள் அடைக்கலமேரி. சொம்பின் வாயை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

அவள் சொன்னது பொய். மாதக்கணக்கில் வறண்டு கிடந்த ஊர்க்கிணற்றில், குளம் காலியான மறுநாளே தண்ணீர் ஊறியிருந்தது. கலங்கல்தான். ஆனாலும் தண்ணீர். பெண்கள் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், வெளியே மூச்சுவிடக்கூடாது என்று ஒருவரிடமொருவர் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தால் செல்லமுத்துதான் திருப்பிவிட்டான் என்பது உறுதியாகிவிடும். கிணற்றுக்கும் பூட்டு விழும். புருஷனா, ஊர்ப் பிள்ளைகளின் தொண்டையா என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அன்றிரவே அலாவுதீன் அவளை வண்டியில் ஊருக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் காலை மூவரும் கிளப்புக்குப் போனார்கள். அலாவுதீன் கேட்டுக்கொண்டபடி போலீஸ்காரர் செல்லமுத்துவையும் விலங்கோடு கூட்டி வந்திருந்தார். தாடியும் ஒட்டிய கன்னமுமாக அவனைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போலீஸ்காரர் அவளை அவன் பக்கத்தில் போக விடவில்லை.

குளத்தில் கெண்டை மீன்கள் செத்து நாறின. குழாயின் வாய், சேறு ஏறாமலிருக்க, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருந்தது. அலாவுதீன் அதன் எதிரே வெகுநேரம் நின்றார். ரெங்கராஜ் கரையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்து, கரை மேட்டில் நட்டிருந்த ஒரு கல்லடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழப் பாதிகளையும் வாடிய அரளிப் பூவையும் கண்டுபிடித்தார். ஊர்ப் பெண்கள் மழைக்கு வேண்டிக்கொண்டிருப்பார்கள் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

குளத்தின் நடுவில் நாலு கற்கால்களுக்கு நடுவே துளையிட்ட ஒரு பலகைக்கல் கிடந்தது. அதைச் சுற்றி மட்டும் சேறே இல்லை, கழுவி விட்டாற்போலிருந்தது.

அடைக்கலமேரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அலாவுதீன் தனியாக நின்ற நேரம் பார்த்து ஓடி, "ஐயா, அந்தத் தண்ணி ஊத்துத் தண்ணி இல்லைங்க" என்றாள்.

"தெரியும்மா. குளத்து வண்டல் ஊத்துல வராது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் கேக்கலை, நீங்களும் சொல்லலை. அங்கிட்டுப் போய் நில்லுங்க."

பிறகு துரையையும், காவல்காரன் பிச்சைமுத்துவையும், மேஸ்திரி நாகராசுவையும் குளத்துக்குள் அழைத்தார். போன வருஷம் சித்திரையில் குளத்தைத் தூர் வாரியது நாகராசுதான். கல்லை ஒவ்வொருவராகக் கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். துரை பூட்ஸ் காலோடு ஏறி நின்று பார்த்துவிட்டு, உடைந்த மண்டபம் என்றார். ரெங்கராஜ் தானும் ஏறிக் குதித்தார். பிச்சைமுத்து ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். நாகராசு செருப்பைத் தள்ளிக் கழற்றிப் போட்டான். கல்லை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிதிக்காமல் பக்கவாட்டில் குனிந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை என்றான்.

அலாவுதீன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செல்லமுத்து குழாயைத் திறந்திருந்தா, குழாய் வாய்க்குக் கீழ முழங்கால் தண்ணி மிஞ்சியிருக்கணும். மீனும் செத்திருக்காது. தண்ணி அடிவழியாப் போயிருக்கு. இது மண்டபம் இல்ல, குமிழி. இந்தச் சீமையிலே அந்தக் காலத்துக் கண்மாய்க்கெல்லாம் நடுவுல இப்படி ஒரு மதகு இருக்கும். அடித்துளையைத் தொறந்தா சேறும் தண்ணியுமா நிலத்தடிக் கால்வாய்ல ஓடிரும். கிளப் வாங்குனப்புறம் வண்டல் மூடிக்கிச்சு. தூர் வாரினவனுக்குத்தான் அது வெளியே தெரிஞ்சிருக்கும்."

தூர் வார ஆட்கள் பலர் வந்திருந்தார்களே என்று ரெங்கராஜ் இழுத்தார்.

"வந்தாங்க. ஆனா அந்த எலுமிச்சம்பழம் மழைக்கு வேண்டினதில்ல. இந்த ஊரு முழுக்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, மேரியம்மா வீடு உட்பட. பரம்பரையா மடை தொறக்கிற முறைக்காரங்க, கரையிலே பூசை வைக்காம தண்ணிக்குள்ள மூழ்க மாட்டாங்க. திருடப் போனாலும் பயம் விடாது. அந்தக் குடும்பத்துல பொறந்தவன் குமிழியை மிதிக்கவும் மாட்டான். இப்ப மிதிக்காம நின்னது யாருன்னு எல்லாரும் பாத்தீங்க."

நாகராசு தன் வெறுங்காலையும் தள்ளிக் கிடந்த செருப்பையும் பார்த்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

கிளப் வருவதற்கு முன்பு அது அவன் அப்பன் மடை திறந்த கண்மாய். அதன் பாசனத்தில்தான் அவனுடைய வெற்றிலைக் கொடிக்கால். கொடி கண்ணெதிரே கருகிக்கொண்டிருந்தது. புல்லுக்கு ஊற்றுகிறார்களே என்று வயிறு எரிந்ததாம்.

"மூழ்கித் துளைய அடைச்ச கட்டையப் பிடுங்கிட்டு ஓடிப்போயி கொடிக்கால்கிட்ட வாய்க்கா வாயில விடிய விடியக் குந்தியிருந்தேன்" என்றான் நாகராசு. "ஒரு சொட்டு வரலை. இத்தனை தண்ணியும் எங்க போச்சுன்னே தெரியலை. சாவி இவன்கிட்ட இருந்துச்சு, இவனைப் புடிச்சாங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

துரைக்கும் அதே கேள்விதான். தண்ணீர் எங்கே என்று அலாவுதீனைக் கேட்டார். அடைக்கலமேரி சொம்பை முந்தானைக்குள் மறைத்தாள்.

"நடுவுல கால்வாய் இடிஞ்சிருக்கு" என்றார் அலாவுதீன் நிதானமாக. "மண்ணு குடிச்சிருச்சு."

விலங்கு செல்லமுத்துவின் கையிலிருந்து கழன்று நாகராசுவின் கைக்கு மாறியது. அடைக்கலமேரி புருஷனிடம் ஓடினாள். அன்று விடியலில் கிணற்றில் மொண்ட சொம்பை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாயருகே கொண்டுபோகும்போது நாகராசு திரும்பினான். உதடு வெடித்திருந்தது.

"ஆத்தா, ஒரு வாய் தண்ணி குடுங்க."

அவள் செல்லமுத்துவைப் பார்த்தாள். அவனுக்கும் கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தாகமென்று கேட்டவனுக்கு இல்லையென்று சொல்ல அவனால் முடியவில்லை. சொம்பை நீட்டினான்.

நாகராசு விலங்குக் கைகளால் வாங்கிக் குடித்தான். பாதியில் நிறுத்திச் சொம்புக்குள் பார்த்தான். அடியில் கரிய வண்டல் படிந்திருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கண்மாயில் அளைந்த மண் அவனுக்கு அடையாளம் தெரியாதா? நிமிர்ந்து அடைக்கலமேரியைப் பார்த்தான். அவள் கைகூப்பவில்லை, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தடி தூரத்தில் துரை நின்றார்.

நாகராசு சொம்பை மறுபடி தூக்கி, வண்டலையும் சேர்த்து ஒரே மூச்சில் குடித்தான். அடியை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டான். சுத்தமான சொம்பை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, போலீஸ்காரருக்கு முன்னால் நடந்தான்.