இருபது நிமிடம் முந்திய கடிகாரம்

ஞாயிறு மாலை 6:00. வீட்டம்மா கூடத்து மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். நகைப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்த கனத்த தங்கக் காப்பு இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அவரே அதைப் பார்த்திருந்தார்.

திங்கள் காலை 10:45. கடிகாரம் பழுது பார்ப்பவள் கருவிப் பையோடு வந்தபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீட்டுக்காரரைக் கவனிக்கும் நர்ஸ் சுவரோரம் நின்றாள். நேற்று ஐந்து மணிக்கு அவள் வேலைக்கு வந்தாள். ஆறு மணிக்கு நகை இல்லை. அவள் பையை இரண்டு முறை கொட்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. யார் கையில் கொடுத்தாள் என்பது மட்டும்தான் இன்ஸ்பெக்டருக்குத் தெரியவேண்டியிருந்தது.

அக்காவுக்குத் துணையாக வந்திருந்த வீட்டம்மாவின் தம்பி, இந்த அமளியில் கடிகாரம் எதற்கு, இன்னொரு நாள் வரட்டும் என்றார். வீட்டம்மா ஒப்பவில்லை. வாரத்துக்கு அரை நிமிடம்கூடத் தப்பாத சுவர்க் கடிகாரம். நேற்றுக் காலை எட்டு மணிக்குத்தான் சரிபார்த்து வைத்திருந்தார். இன்று ஏகத்துக்கு முந்திக்கொண்டு ஓடுகிறது.

பழுது பார்ப்பவள் அதைத் திறக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றாள். அதற்குள் சுவர்க் கடிகாரம் பத்து விநாடி முந்தியது. அவள் கைக்கடிகாரத்தில் மணி சரியாக 11:00, சுவரில் 11:20.

"சார், இது பழுதில்ல. பெண்டுலத்துல யாரோ எதையோ கட்டியிருக்காங்க."

வெயில் சூட்டில் வேகம் கூடியிருக்காதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சூட்டுல பெண்டுலக் கம்பி நீளும். நீண்டா மெதுவாத்தான் ஆடும். வேகமா ஆடணும்னா நீளம் குறையணும். அடியில இருக்கற குண்டுக்கு மேல கனமா ஒண்ணைக் கட்டினா நீளம் குறைஞ்ச கணக்குதான். பள்ளிக்கூடத்துல நூல்ல கல்லைக் கட்டி ஆட்டிப் பார்த்திருப்பீங்களே."

அவள் சொன்ன கணக்கு இதுதான்: மணிக்கு ஒரு நிமிடம் முந்துகிறது. நேற்றுக் காலை எட்டிலிருந்தே இப்படி ஓடியிருந்தால் இருபத்தேழு நிமிடம் முந்தியிருக்கவேண்டும். முந்தியிருப்பது இருபதுதான். அப்படியானால் கட்டி இருபது மணி நேரம்.

"நேத்து மூணு மணி. அப்ப இந்தக் கூடத்துல யாரும்மா இருந்தாங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வீட்டம்மா தம்பி பக்கம் திரும்பினார். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கணவர் அறையில் படுத்தவர், நான்கு மணிக்குத் தம்பி கிளம்பும்போதுதான் எழுந்தார். அதுவரை தம்பி மட்டும் இங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தின் அடிக்கதவைத் திறந்தார். பெண்டுலக் கம்பியில், குண்டுக்கு ஒரு சாண் மேலே, மெல்லிய கம்பியால் இறுகக் கட்டிய காப்பு இப்படியும் அப்படியும் ஆடியது.

பழி நர்ஸ் மேல் விழட்டும், வீடு அடங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்ததைத் தம்பி ஒப்புக்கொண்டார். வீட்டம்மா அவரைப் பார்க்கவில்லை, நர்ஸையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பதினோரு மணி மாத்திரை தாண்டிப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போனாள்.