நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

"நாலு மணிக்குள்ள ஏதாவது பண்ணணும் சார். இல்லன்னா என் பொண்டாட்டி வாழ்க்கையே போச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி பதினொன்றரை.

நகல் எடுக்கும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. நீதிமன்றத்தில் இருபது வருஷம் கள்ளக் கையெழுத்துகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் அங்கே துப்பறியும் வேலை பார்த்துவந்தார். வீடு தீப்பிடித்தது என்று சொன்னாலும் "எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பதால் அவருக்கு நிதானம் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய மனைவியின் தங்கைதான் உதவியாளர். அத்தானுக்கு இல்லாத அவசரத்தையும் சேர்த்து அவளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"முகவரியை எழுதிக்கிட்டே சொல்லுங்க" என்று நிதானம் ஒரு தாளை நகர்த்தினார்.

வந்தவர் சட்டைப் பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்தார். பென்சிலால் மேலே ஒன்று, கீழே ஒன்று என லேசாக இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் அச்சடித்ததுபோல் முகவரியை எழுதினார். அவ்வளவு பதற்றத்திலும் கோடு கோணவில்லை. மச்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வண்டிக்கு நம்பர் பலகை எழுதறது என் தொழில்மா. கோடு போடாம எனக்குக் கை ஓடாது" என்றார் அவர். பிறகு விஷயத்துக்கு வந்தார். "அவ மில்லுல துணி பரிசோதிக்கிற பிரிவுல இருக்கா. இந்த மாசக் கடைசியில அந்தப் பிரிவையே மூடறாங்க. சீனாவுலேர்ந்து புது மெஷின் வருது. கூட வர்ற இன்ஜினியருங்களுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் நடுவுல நின்னு பேச ஒருத்தர் வேணும். ஒரே ஒரு இடம். சீன மொழித் தேர்வுல நாலாம் நிலை சான்றிதழ் இருந்தா அந்த இடம். ரெண்டு வருஷம் அங்க போய்ப் பயிற்சி, திரும்பி வந்தா மேற்பார்வையாளர். சான்றிதழ் இல்லன்னா வீட்டுல உட்கார வேண்டியதுதான்."

எட்டு மாதம் பஸ்ஸில் நின்றபடி போனிலும், வீட்டில் புத்தகத்திலும் படித்தாளாம். ஆயிரத்து இருநூறு சொற்கள். துவைக்கும்போதும் முணுமுணுப்பாளாம். போன சனிக்கிழமை தேர்வு.

"கேட்டல் பகுதி முடிஞ்சு வாசிப்பு ஆரம்பிக்கறப்ப கண்ணாடிக் கூட்டைத் திறந்திருக்கா. துடைக்கிற துணிக்கு அடியில சீன எழுத்துல ஒரு சீட்டு. அப்பவே வெளிய அனுப்பிட்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு அறிக்கை மேலிடத்துக்குப் போகுது. போயிட்டா மூணு வருஷம் தேர்வே எழுத முடியாது. மில்லுக்கும் தகவல் போயிடும். ரெண்டு நாளா அவ ஒரு வாய் சாப்பிடல சார். எனக்குப் பயமா இருக்கு."

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை. நிதானம் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

மூவரும் போய்ச் சேர்ந்த தேர்வு மையத்தில் வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹெட்போன். மையப் பொறுப்பாளர் விதிப் புத்தகத்தை விட்டு இம்மியும் நகராத மனிதர். அவர் மேஜைக்கு எதிரே, வந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்; கணவர் கதவோரமே நின்றுவிட்டார். அழுது முடித்து, இனி அழுவதற்கும் தெம்பில்லாத முகம் அவளுக்கு. பக்கத்தில் அதே மில்லின் சாயப் பிரிவில் வேலை பார்ப்பவள். தேர்வில் அடுத்த இருக்கையில் இருந்ததால் சாட்சியாக வரவழைத்திருந்தார்கள். அவளுக்கும் கண் மில்லின் அந்த ஒரே வேலையின்மேல்தான்.

மச்சினி அத்தானின் காதைக் கடித்தாள். "இவதான். பக்கத்து சீட்டு, அதே வேலை. வேற என்ன வேணும்?"

"கொஞ்சம் பொறு" என்ற நிதானம், பொறுப்பாளர் உறையில் போட்டு வைத்திருந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரல் அகலத் தாளில் ஒரே உயரத்தில் அழகழகான எழுத்துகள். ஓரத்தில் 112 என்ற எண். சாய்த்துப் பிடித்தபோது ஒவ்வொரு வரிக்கும் மேலும் கீழும் பென்சில் கோட்டை அழித்த பள்ளம் தெரிந்தது.

"உங்க பேரைச் சீனத்துல எழுதுங்கம்மா" என்று மனைவியிடம் பேனாவைக் கொடுத்தார்.

அவள் இரண்டு கோடு இழுத்துவிட்டு நிறுத்தினாள். "எனக்குக் கையால எழுத வராது சார். கம்ப்யூட்டர்ல உச்சரிப்பை அடிச்சா எழுத்துங்க வரிசையா வரும், சரியானதைத் தொடுவேன். அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

"யாரையாவது எழுதித் தரச் சொல்லியிருக்கலாமே" என்றார் பொறுப்பாளர்.

நிதானம் சீட்டைச் சாயப் பிரிவுக்காரியிடம் நீட்டினார். "இதைப் படிச்சு அர்த்தம் சொல்லுங்க."

அவள் படித்தாள். புருவம் உயர்ந்தது. "பதினாலாம் பாடம். பயிற்சி மூணு. படத்தைப் பார்த்துச் சரியான சொல்லைத் தேர்ந்தெடு. எடுத்துக்காட்டைக் கவனி..." சட்டென்று நிறுத்தினாள். "அவ்வளவுதான் சார். விடை ஒண்ணுகூட இல்ல. இதை வெச்சுக்கிட்டு எவ காப்பி அடிப்பா?"

"அது பாடப்புத்தகத்தோட நூத்துப்பன்னெண்டாம் பக்கம்" என்றாள் மனைவி மெல்ல. "வீட்டுல டிவி மேல இருக்கு."

பொறுப்பாளர் தலையை ஆட்டினார். "உள்ள என்ன எழுதியிருந்தாலும் சரி, தாள் இருந்தா குற்றம். வேற ஆள் வெச்சாங்கன்னா, வெச்சவங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். விதி அப்படி."

நிதானம் மனைவியிடம் கடைசியாக ஒன்று கேட்டார். "சீட்டு கூட்டுக்குள்ள எங்கே இருந்துது?"

"தெரியல சார். கண்ணாடியை எடுத்தேன், துணியை உதறினேன், மடியில விழுந்துச்சு. மடிப்புல இருந்துதா, அடியில இருந்துதா, நான் பார்க்கல."

"வீட்டுல என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. எனக்கு வாயே வரல. கண்ணாடிக் கூட்டுல சீட்டு கிடைச்சுதுன்னு மட்டும் இந்த மையத்துலேர்ந்து அவருக்கு போன் பண்ணினாங்க."

மணி மூன்றே கால். நிதானம் எழுந்து கணவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். மச்சினியும் பின்னாலேயே போனாள்.

"அந்தச் சாயப் பிரிவுக்காரிதானே சார்?" என்றார் கணவர்.

"சீனம் தெரிஞ்ச யாருமே அந்தச் சீட்டை எழுதியிருக்க மாட்டாங்க. விடை எது, கேள்வி எதுன்னு தெரியாத ஒருத்தர்தான் தலைப்பு, பயிற்சி எண், பக்க எண் எல்லாத்தையும் விடாம வரைஞ்சிருக்கார். வரைஞ்சிருக்கார்னுதான் சொல்லணும், அது எழுத்து இல்ல. ஆனா தேர்ந்த கை. மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு போட்டு, நடுவுல எழுத்தை நிறுத்தி, அப்புறம் கோட்டை அழிச்சிருக்கு."

கணவரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அளவுகோலைத் தொட்டதும் திரும்பி வந்தது.

"அது மட்டுமா?" என்றார் நிதானம். "துணிக்கு அடியில சீட்டு இருந்துதுன்னு காலையில சொன்னீங்க. திறந்தவளுக்கே அது தெரியாது. வெச்சவருக்குத்தான் தெரியும்."

கணவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"இந்த ஒரு தடவை ஃபெயிலாக்கி விட்டுடுவாங்கன்னு நெனச்சேன் சார். மூணு வருஷம், மில்லுக்குத் தகவல், இதெல்லாம் சத்தியமா எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் அவ இல்லாத வீட்டை என்னால நெனச்சே பார்க்க முடியல. எப்படியாவது அவளைக் காப்பாத்துங்க. யாரோ வெச்சதா இருக்கட்டும், என் பேர் மட்டும் வேண்டாம். அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

"உங்க பேர் இல்லாம அவளைக் காப்பாத்த வழி இல்ல. விதியைக் கேட்டீங்களே. நான் போய்ச் சொன்னா அது என் ஊகம். நீங்க போய்ச் சொன்னாதான் சாட்சி. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

அவர் எழுந்திருக்கப் பதினைந்து நிமிஷம் ஆனது. மச்சினி மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தாள். நிதானம் சுவரில் சாய்ந்து காத்திருந்தார்.

உள்ளே போய்க் கணவர் நின்றபடியே சொன்னார். பொறுப்பாளர் நீட்டிய தாளில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோடு போடாமல் எழுதினார். எழுத்துகள் ஏறியும் இறங்கியும் ஓடின. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனே" என்றாள். "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நின்னுடுவன்னு தெரியும். அப்புறம் காலம் பூரா நான்தான் நிறுத்தினேன்னு ஆயிடும். பரீட்சையே உன்னை நிறுத்திட்டா..."

"பழி உங்கமேல வராது" என்று அவள் முடித்தாள்.

சாயப் பிரிவுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பொறுப்பாளர் குற்ற அறிக்கையைக் குறுக்கே கிழித்து, வேறு ஒரு தாளை எடுத்தார். மணி நாலாக எட்டு நிமிஷம்.

"மீதிப் பகுதிகளை எப்ப எழுதலாம் சார்?" என்று மனைவி பொறுப்பாளரிடம் கேட்டாள்.

"வர்ற சனிக்கிழமை மறுதேர்வு இருக்கு. அதுல உங்க பேரைச் சேர்த்துடறேன்."

அவள் மறுதேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கணவர் வாசலில் காத்திருந்தார். அவளுடைய பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டி, "வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

பையை அவள் கொடுக்கவில்லை. "நீங்க போங்க. எனக்குப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு காலியாகக் கிடந்த காத்திருப்பு அறைக்குள் போனாள்.