அரட்டை அறையில் மூன்று பேர்

அரட்டை அறைக்குள் இருக்க வேண்டியது இரண்டே பேர். ஓரத்துப் பட்டியல் மூன்று என்று காட்டியது.

சத்யப்ரியா பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். அவள் பெயர், கணவன் சூரியபிரகாஷின் பெயர், அதற்குக் கீழே பெயரில்லாத ஒரு பச்சைப் புள்ளி. கைக்குழந்தைக்காரிகளுக்காக அவள் நடத்தும் இணையக் குழுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பேசிக்கொள்ள அவன் எழுதிக்கொடுத்த அறையை இன்றைக்குத்தான் இருவரும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அவன் தல்லாகுளத்தில், ஆபீசில். அவள் ஆனையூர் வீட்டில், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடைவரை மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு கட்டிலில். ஐந்து மாதப் பிள்ளை ஹாலில் ஸ்பிரிங் தொட்டிலில் தூங்கினான். வேலைக்கு வரும் அன்னக்கொடி அக்கா அவனைக் கிடத்திவிட்டு, கதவை வெளியே பூட்டிச் சாவியோடு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

'மூணாவது ஆளு யாரு மாமா? உங்க ஆபீஸ் சோணை அண்ணனையும் பொம்பளைங்க குழுவுல சேத்துட்டீங்களா?' என்று தட்டினாள்.

லிங்க் உனக்கும் எனக்கும் மட்டும்தான் என்று பதில் வந்தது. பழைய பக்கம் எதையாவது மூடாமல் விட்டிருப்பாய், என் புரோகிராமைக் குறை சொல்லாதே என்று கேலியும் செய்தான்.

வந்த ஆளை வாவென்று சொல்லாமல் அவளுக்குப் பழக்கமில்லை. 'வாங்க, யாருங்க நீங்க?' என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தாள்.

புள்ளிக்குப் பக்கத்தில் யாரோ எழுதுவதன் அடையாளம் நெளிந்தது, நின்றது, மறுபடி நெளிந்தது. வெளியே பிற்பகல் வெயில் மங்கி மழைக்கு முந்திய மண்வாடை கொசுவலை வழியாக ஏறிவந்தது. அதோடு பிள்ளையின் பால்வாடை, பவுடர் வாடை, அவற்றுக்கெல்லாம் அடியில், நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு குளிர்ந்த பாசிவாடை. கரண்ட் போய் மின்விசிறி தேய்ந்து நின்றது. லேப்டாப் செல்போன் இணைப்பில் இருந்ததால் அரட்டை அறை மட்டும் திறந்தே இருந்தது.

பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுத்து விழுந்தது. 'பிள்ளை முழிச்சுக்கிட்டான்.'

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஹாலில் சத்தமே இல்லை. பத்து விநாடி. பிறகு, தூக்கம் கலைந்த அந்த மெல்லிய சிணுங்கல்.

உடனே செல்போனில் அவனைக் கூப்பிட்டாள். விளையாட்டெல்லாம் போன குரலில், வீட்டில் கேமரா ஒன்றும் இல்லையே என்று அவனே கேட்டுக்கொண்டான். அந்த ஆளை அறையைவிட்டு நீக்கப் பார்த்தான், முடியவில்லை.

"பேரே இல்லாத ஆள எதச் சொல்லித் தள்ளுறது பிரியா? நான் கெளம்பிட்டேன். நீ அசையாத."

திரையில் அடுத்த வரி வந்தது. 'அழுறான். பாவம்.' அதற்கும் கீழே: 'வாரேன்.'

பட்டியலில் பச்சைப் புள்ளியைக் காணோம். இரண்டே பேர். அவளுக்கு மூச்சு வந்தது. விடைபெறும்போது இந்தப் பக்கம் யாரும் போறேன் என்று சொல்வதில்லை.

"போயிருச்சு மாமா. வாரேன்னு சொல்லிட்டுப் போயிருச்சு."

ஹாலில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

அழுகை நின்றுவிட்டது. கட்டிலிலிருந்து பார்த்தால் கதவு வழியாகத் தொட்டிலின் கீழ்ப்பாதிதான் தெரியும். அது ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக, சீராக, ஆட்டிப் பழகிய கை ஆட்டுவதுபோல.

"அக்கா?"

பூட்டு திறந்த சத்தமே கேட்டிருக்கவில்லை.

காலை இழுத்துக் கீழே போட்டாள். விழுந்தாள். வலி தொடையில் வெட்டியது. முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். தரையெல்லாம் பாசிவாடை.

"பிரியா, யாரு அங்க? பேசு" என்றது கட்டில்மேல் கிடந்த செல்போன்.

நிலைப்படியைத் தொட்டாள். தொட்டில் நின்றது.

பிறகு இறங்கியது. ஒரு சாண். இன்னொரு சாண். பிள்ளை கிடந்தால் முழங்கால் உயரத்துக்குக் கீழே வராத தொட்டில் அது. ஸ்பிரிங்கின் சுருளெல்லாம் விரிந்து கம்பியாக நீண்டது. தொட்டில் சேலை டைல்ஸைத் தொட்டது.

துணியின் அடியில், பிள்ளையின் சின்ன உருண்டையைச் சுற்றி, முழங்காலை மடக்கி முதுகை வளைத்துப் படுத்திருக்கும் ஒரு பெரிய உடம்பின் வடிவம் அழுந்தித் தெரிந்தது.

உள்ளே பிள்ளை சிரித்தான்.